பூனைக்கு வழி காட்டியவனுக்கு

கண்ணு,

இதை நீ படிக்கும்போது உனக்கு என்ன வயதிருக்கும் என்று தெரியவில்லை. கல்லூரிக்கோ வேலைக்கோ பெட்டியோடு கிளம்பும் நாளில் உன் கையில் கொடுக்கலாம் என்று இப்போதைக்கு நினைத்திருக்கிறேன். இப்போது உனக்கு ஏழு, எனக்கு முப்பது. மாரண்டஹள்ளியில் உன் பெரியம்மா வீட்டு வாசலில், தக்காளி ஏற்றுகிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, உன் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலை ஏழரை மணி. காலாண்டு விடுமுறை முடிந்து இன்றைக்குத்தான் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். நீ போகப் போவதில்லை. நானும் கல்லூரி லேபுக்கு வரவில்லை என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். நீ உள்ளே பெரியம்மாவின் கட்டிலில் தூங்குகிறாய். எழுந்த பிறகு என்னோடு தர்மபுரிக்கு வருவாயா, மாட்டாயா என்பது எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்பே நான் இப்படித் தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது தப்பித்துக்கொண்டேன். அதைத்தான் முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும்.

நீ பிறந்தபோது நானும் அப்பாவும் ஓசூரில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். அவருக்குக் கம்பெனியில் மூன்று ஷிஃப்ட். உனக்குப் பத்து மாதம் ஆனபோது எனக்கும் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். உன் பெரியம்மா, என் அக்கா, ஒரே வார்த்தைதான் சொன்னாள். "குடுடி. நான் பாத்துக்கறேன்." அவளுக்குக் குழந்தை இல்லை. ஆகவே நான் கொடுத்தது உதவி கேட்டது போலவும் இருந்தது, உதவி செய்தது போலவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வருவேன். நீ அவளை அம்மா என்றும், என்னை ஓசூரம்மா என்றும் கூப்பிட்டாய். அவளிடம் வா, போ என்பாய். என்னிடம் வாங்க, போங்க. வாரம் ஒருமுறை பிஸ்கட் பொட்டலத்தோடு வருகிற ஒருத்தியிடம் ஒரு பிள்ளை வேறு எப்படிப் பேசும்? அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பஸ்ஸில் திரும்பிப் போகும்போது மட்டும் சிரிப்பு வராது.

உனக்கு ஐந்து வயது முடிந்தபோது எனக்குத் தர்மபுரியில் ஒரு கல்லூரியில் லேப் வேலை கிடைத்தது. பகல் வேலை. இனி பிள்ளையை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அப்பா ஓசூரிலேயே இருப்பார், வாரக் கடைசியில் வருவார். ஒன்றாம் வகுப்பில் உன்னைச் சேர்க்க வேண்டும். இதில் ஒன்றும் தப்பில்லை. தப்பு, நான் கூட்டிவந்த விதத்தில். நீ அழுது புரண்டால் எனக்குத் தாங்காது என்று பயந்தேன். அக்காள் அழுவதைப் பார்க்கவும் பயந்தேன். விடிவதற்குள் வரும் முதல் பஸ்ஸுக்கு, தூங்கிக்கொண்டிருந்த உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். "எழுப்பிச் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போடி" என்று அக்காள் மூன்று முறை சொன்னாள். "வேணாங்க்கா, பஸ் போயிரும்" என்றேன். பாலக்கோடு தாண்டித்தான் நீ கண் விழித்தாய். ஜன்னலைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "ஓசூரம்மா, எங்க போறோம்?" என்றாய். வாயில் வந்ததைச் சொன்னேன். "கடைக்கு. வந்துரலாம்."

அந்த ஒரு வார்த்தைக்கு நீ எத்தனை நாள் காத்திருந்தாய் என்று எண்ணி வைக்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் ஆனால் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவருகே நிற்பாய். "கடை முடிஞ்சுதுங்களா?" என்பாய். நாளைக்கு, நாளைக்கு என்பேன். ஒருநாள் நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். பழகிவிட்டான் என்று நான் அப்பாவுக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னேன். கூட வேலை பார்க்கிற ஒரு அம்மா, "ஆறு மாசம் அவங்களக் கண்ணுலயே காட்டாதீங்க, தானா மறந்துருவான்" என்றார். அதையும் செய்தேன். போனில் அக்காள் பேச வந்தால் தூங்குகிறான், விளையாடுகிறான் என்பேன். அவளை நீ அம்மா என்று சொன்னால், பெரியம்மா என்று சொல்லும்வரை காது கேட்காதவள் போல இருப்பேன். நீ திருத்திக்கொண்டாய். நீ எதைத்தான் திருத்திக்கொள்ளவில்லை? இரண்டு வருடமாக ஒரு தட்டை உடைத்ததில்லை, ஒரு பொம்மைக்கு அடம் பிடித்ததில்லை. "அம்மா, தண்ணி குடிக்கட்டுங்களா?" என்று உன் வீட்டில் நீ கேட்டாய். வருகிறவர்கள் எல்லாம் "எவ்வளவு தங்கமான புள்ள" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அது பெருமையாக இல்லை. விருந்துக்கு வந்த பிள்ளைதான் அப்படி இருக்கும். விருந்தாளி என்றைக்காவது கிளம்பிப் போய்விடுவார் என்பதும் எனக்குத் தெரியும்.

அதனால்தான் நீ பூனைக்குட்டி கேட்ட அன்று என்னால் மறுக்க முடியவில்லை. மாரியம்மன் பண்டிகைக்கு இங்கே வந்திருந்தோம். காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடும் வருகைதான். நான் வேறு எதற்கும் விட்டதில்லையே. வீட்டை ஒட்டியிருக்கும் பெரியப்பாவின் தக்காளி மண்டியில், அடுக்கிய கிரேடுகளுக்குப் பின்னால் பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. சாப்பாட்டு நேரம் போக நீ அங்கேயே நின்றாய். கிளம்புகிற நேரத்தில் என் முந்தானை ஓரத்தைத் தொட்டாய்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"அந்தச் செவப்புக் குட்டிய நம்ம வூட்டுக்கு எடுத்துட்டுப் போலாங்களா? வேணாம்னா வேணாங்க."

என் தலைக்குள் ஆயிரம் ஓடியது. நகம், பல், ஊசி, முடி, வீட்டுக்காரம்மா என்ன சொல்வார், நான் வேலைக்குப் போனால் அதை யார் பார்ப்பது. நான் நின்ற நிலையைப் பார்த்து அக்காள் உள்ளேயிருந்து சொன்னாள். "ஏண்டி, ஒரு பூனைக்கு இவ்வளவு யோசனையா? புள்ளையத் தூக்கிட்டுப் போறப்ப இத்தினி யோசிக்கலியே நீ." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். "சும்மா சொன்னேன்டி. மூஞ்சியப் பாரு, மொளகா கடிச்சவளாட்டம்." இரண்டு வருடத்தில் அவள் என்னைக் குறை சொன்னது அந்த ஒரு தடவைதான். அதுவும் சிரிப்போடு.

பெரியப்பா இரண்டு கிரேடுகளை வாய்க்கு வாய் கவிழ்த்து, குட்டியை உள்ளே விட்டு, நைலான் கயிற்றால் கட்டினார். மேலே ஒரு சாக்கைப் போர்த்தினார். பிறகு கிரேடைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே மூன்று சுற்றுச் சுற்றினார். எங்கள் பக்கத்தில் பூனையை இடம் மாற்றினால் அப்படித்தான் செய்வார்கள். "தல சுத்தாதா பெரியப்பா அதுக்கு?" என்று கேட்டாய். "சுத்தோணும்னுதான் சாமி. பழைய வூட்டு வழி தெரிஞ்சுதுன்னா அது புது வூட்டுல நிக்காது. ஓடியாந்துரும். சாக்க எடுக்கக் கூடாது, வூடு போற மட்டும்" என்றார். நீ தலையாட்டினாய். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாயிற்றே என்று நான் கவலைப்படவில்லை.

பஸ்ஸில் கிரேடை உன் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாய். ஊர் தாண்டியதும் நீ யாரிடமோ கிசுகிசுப்பது கேட்டது. குனிந்து பார்த்தேன். சாக்கின் ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்திருந்தாய். "இது வெள்ளிச்சந்தை. பாத்துக்க." கொஞ்ச நேரம் கழித்து, "பாலக்கோடு. இங்க பஸ் ரொம்ப நேரம் நிக்கும். பயப்படாத, எறங்கிராத." புலிக்கரை வந்தபோது நான் பொறுக்காமல் உன் கையைத் தட்டினேன்.

"சாக்க மூடு கண்ணு. பெரியப்பா என்ன சொன்னாரு?"

"மூடினா அதுக்கு வழி தெரியாதுங்களே."

"தெரியக் கூடாதுன்னுதான மூடறது."

கோபமே இல்லாமல், வீட்டுப்பாடத்தில் விட்டுப்போன கணக்கைச் சொல்வது போலச் சொன்னாய். "எனக்குத்தான் தெரியாமப் போச்சுங்க. நான் தூங்கிட்டேன். இதுக்காச்சும் தெரியட்டும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "உம்புள்ள ரொம்ப வெவரம்மா" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு வரும்வரை நீ சாக்கைத் தூக்கியே பிடித்திருந்தாய், நான் மறுபடி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மறந்துவிட்டாய் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு வருடமும் நீ அதை வைத்திருந்திருக்கிறாய்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்தோம். குட்டி பாய்ந்து ஓடி, சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் புகுந்துகொண்டது. ஒரு பகல் முழுக்க வரவில்லை, சோறு தொடவில்லை. எனக்குப் பயம் பிடித்தது. செத்துவிட்டால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது? கையை விட்டு இழுக்கப் பார்த்துக் கீறல் வாங்கினேன். தடுப்பூசி போட ஓடினேன், போனில் பூனை கீறினால் என்று தேடித் தேடிப் படித்து இன்னும் பயந்தேன். கடைசியில் ஒரு கால்நடை மருத்துவரின் எண்ணை வாங்கிப் பேசினேன். பொறுமையான பெண். "இழுக்காதீங்கம்மா. அதுக்கு ஒளிஞ்சுக்க ஒரு எடம் வேணும், அத எடுத்துராதீங்க. அந்த ஒரே ரூம்ல சோறு, தண்ணி, மண்ணு போட்ட தட்டு வைங்க. பக்கத்துல உக்காந்து நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க. அதுவா வரும். பழைய எடத்துல அது படுத்திருந்த துணி ஏதாச்சும் இருந்தா உள்ள போடுங்க. தொவச்சுராதீங்க. அந்த வாசம்தான் அதுக்குத் தைரியம்."

கிரேடுக்குள் பெரியப்பா போட்டிருந்த கிழிந்த துண்டு ஒன்று இருந்தது. தக்காளி நாற்றமும் பூனை நாற்றமுமாக அதை டிரம் பக்கத்தில் போட்டுவிட்டு, போனை வைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணு, உன்னைத் தூக்கிவந்த அன்று உன் மேல் பெரியம்மாவின் பழைய நைலக்ஸ் சேலை ஒன்று சுற்றியிருந்தது. முதல் வாரம் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாய். அழுக்கு, கிருமி என்று நான் அதை வெந்நீரில் ஊறவைத்துச் சோப்புப் போட்டு, வாசனைத் திரவமும் விட்டு அலசிக் காயப்போட்டேன். மடித்து உன் கையில் கொடுத்தேன். நீ முகத்தருகே கொண்டுபோனாய். ஒரு நிமிஷம் வைத்திருந்தாய். பிறகு நீயே எழுந்து போய் அதைப் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு வந்தாய். மறுபடி எடுக்கவே இல்லை. பெரிய பையனாகிவிட்டான் என்று அன்றைக்கும் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

அந்த வாரம் நாம் இருவரும் தினமும் சாயங்காலம் சின்ன அறையில் உட்கார்ந்தோம். நான் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தினேன். நீ எதிர்ச்சுவரில் சாய்ந்து வாய்ப்பாடு எழுதினாய். டிரம்முக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு மீசை தெரிந்தது, மறுநாள் ஒரு கால், அடுத்த நாள் முழுப் பூனை. கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "பாலில்லாம பூனை வளக்கறாங்களாம், நல்லாருக்குது கத" என்று கிண்டல் செய்துவிட்டுப் போவார். அதன் பெயர் என்ன என்று கேட்டால், "பூனைதாங்க" என்பாய். ஒரு பூனைக்காக எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. உனக்காக இப்படி ஒரு வாரம், ஒன்றும் கேட்காமல், ஒன்றும் திருத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேனா? உன்னைக் கூட்டிவந்த மறுநாளே ஏ பி சி டி எழுதச் சொன்னவள் நான்.

எட்டாம் நாள் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது பின்கதவு விரியத் திறந்திருந்தது. நீ படியில் உட்கார்ந்திருந்தாய்.

"பூனை எங்க?"

"போயிருச்சுங்க."

"கதவ யாரு தொறந்தா?"

"நான்தாங்க. கதவுகிட்டயே உக்காந்து கத்திட்டே இருந்துச்சு."

அடித்துவிட்டேன். கன்னத்தில், ஓங்கி. இதுவரை உன்னை அடித்ததில்லை. நீ அழவில்லை. "சாரிங்க" என்றாய். அந்த வார்த்தைக்குப் பதில் நீ என்னைத் திருப்பி அடித்திருக்கலாம். நான் கருவாட்டுத் தலையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு தெருத்தெருவாக, நிற்கிற வண்டிகளுக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தேன். "பூனையத் தேடறியா, புருசனத் தேடறியா? இந்த ஓட்டம் ஓடற" என்றார் வீட்டுக்காரம்மா. திரும்பி வந்தபோது நீ அதே படியில் இருந்தாய். "அதுக்கு வழி தெரியும்ங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேனே. அதோட அம்மா அங்கதான இருக்குது" என்றாய், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்னும் அக்காள் சிரிக்கிறாள். அவளுக்குப் போன் போட்டு, "அக்கா, பூனை அங்க வந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஏண்டி, எம்.எஸ்சி. படிச்சவதான நீ? தர்மபுரியில பஸ் ஏறி வருமா அது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அவன அடிச்சுட்டேங்க்கா" என்றேன்.

"புள்ள அங்க இருக்கறானா? போனக் குடு" என்றாள். தூங்குகிறான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் உன்னிடம் நீட்டினேன். நீ போனை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். நிறைய "ம்" மட்டும் கேட்டது. கடைசியில், "லீவு வுட்டா வுடுவாங்களான்னு தெரியல. நீ கேக்காத, அவங்க அழுவாங்க" என்றாய். போனைச் சட்டையில் துடைத்து என்னிடம் கொடுத்தாய். அக்காள் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன், காலாண்டு லீவு விட்டதும் கொண்டுவந்து விடுகிறேன், ஒரு வாரம் இருக்கட்டும் என்று. ஏழு நாள் அங்கே இருந்தால் நீ திரும்ப மாட்டாய் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

மூன்றாம் நாள் காலை எதிர்வீட்டு சன்ஷேடில் பூனை உட்கார்ந்திருந்தது. நான் கூப்பிடவில்லை. தட்டைப் படியில் வைத்துவிட்டு, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே வந்தேன். நீயும் நானும் மூச்சுவிடாமல் சின்ன அறையில் நின்றோம். அது வந்தது, தின்றது, டிரம்முக்குப் பின்னால் போய்ப் படுத்தது. அன்றிலிருந்து போகிறது, வருகிறது, கதவு சாத்துவதில்லை. இதிலிருந்து ஒரு நல்ல பாடத்தை உனக்கு எழுதிவிட வேண்டும் என்று கை துடிக்கிறது. ஆனால் நீ பூனை இல்லை. அது மண்டியில் இருந்தது இரண்டு மாதம்தான். உனக்கு நான்கு வருடத்துக்கும் மேல், நீ ஓடப் பழகியது, பேசப் பழகியது எல்லாம் இங்கே. திறந்து விட்டால் திரும்பி வரும் என்பது பூனையைப் பற்றி எனக்குத் தெரிந்த சங்கதி, உன்னைப் பற்றி இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன், அதையும் அறிவுரை என்று எடுக்காதே, தப்பு செய்தவள் சொல்வது. நீயும் ஒருநாள் யாரையாவது உன் வீட்டுக்குக் கூட்டிவருவாய். கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒரு பெண்ணை, உன் பிள்ளையை, முடியாமல் போனால் என்னைக்கூட. விழித்திருக்கும்போது கூட்டிவா. எங்கே போகிறோம் என்று சொல்லிக் கூட்டிவா. அவர்கள் விட்டு வந்த இடத்தைப் பற்றிப் பேசினால் காது கேட்காதவன் போல இருக்காதே. அவர்களுடைய துணியைத் துவைக்க அவசரப்படாதே.

லீவு விட்டதும் உன்னை இங்கே கொண்டுவந்து விட்டேன். தனியாகத் திரும்பினேன். ஏழு நாளும் நான் உனக்குப் போன் பண்ணவில்லை. பண்ணினால் எப்போ வர்றே என்று கேட்டுவிடுவேன். நேற்று மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டிப்போக வந்தேன். என் குரல் கேட்டதும் நீ மண்டிக்குள் ஓடிவிட்டாய். அடுக்கிய கிரேடுகளுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு சின்னப் பிள்ளை மட்டும் நுழையும் இடுக்கில் உட்கார்ந்துகொண்டாய். பெரியப்பா, "நான் தூக்கிப் பஸ்ஸுல உக்கார வெக்கறேன், ஒரு நிமிச வேல" என்றார். "வேணாங்க மாமா" என்றேன். தரையில் உட்கார்ந்தேன். அக்காளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் எதுவும் சொல்லிக் குடுக்கலடி, சத்தியமா" என்றாள். அவள் அதைச் சொல்லவேண்டிய நிலைமைக்கு நான் கொண்டுவந்து வைத்திருக்கிறேன் பார்.

நான்கு மணி பஸ் போனது. ஹாரன் உனக்கும் கேட்டிருக்கும். உன் முகம் தெரியாததால்தான் எனக்குச் சொல்ல முடிந்தது. "கண்ணு, அன்னைக்குக் கடைக்குன்னு சொன்னது பொய். உன்ன அங்கயே வெச்சுக்கத்தான் கூட்டிட்டுப் போனேன். நீ அழுவேன்னு பயந்து தூக்கத்துல தூக்கிட்டுப் போயிட்டேன். அம்மா பண்ணுனது தப்பு."

இடுக்குக்குள்ளிருந்து கேட்டாய், "இன்னைக்கும் அப்படித்தான் கூட்டிட்டுப் போவீங்களா?"

"இல்ல. நீ வர்றேன்னு சொன்னாத்தான்."

"வர்லைன்னா?"

வாயில் வருவதைச் சொல்லும் பழக்கத்தை அங்கேதான் விட்டேன். "தெரியல கண்ணு" என்றேன். ஆறு மணிக்கு மேல் பசி தாங்காமல் நீயே வெளியே வந்தாய். உடம்பெல்லாம் தூசி. அக்காள் ஊட்டிவிட, அவள் மடியோரம் உட்கார்ந்து களி தின்றாய். நான் ஒருத்தி எதிரே இருப்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தின்றாய்.

இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டிருக்கும்போது நீ எழுந்து வந்துவிட்டாய். பல் துலக்காத வாயோடு என் முன்னால் நின்றாய்.

"என்ன எழுதறீங்க?"

"உனக்குத்தான். பெரியவனானதும் படி."

"இது என் ரஃப் நோட்டு."

"ஆமா. கேக்காம எடுத்துட்டேன்."

நீ நோட்டைப் பிடுங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். அதற்குப் பதில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாய். "வூட்டுக்காரம்மா பூனைக்குச் சோறு வெச்சிருப்பாங்களா?"

"நேத்து வெச்சேன்னாங்க. இன்னைக்கு நாம வந்துருவோம்னு நெனச்சிருப்பாங்க."

"அப்ப வெக்க மாட்டாங்க. பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"பத்தரைக்கு ஒண்ணு இருக்குது."

"போலாம். பூனை பசியா இருக்கும்."

கண்ணு, நீ வருவது பூனைக்காக. எனக்காக இல்லை. அதை மாற்றி எழுதிவிட எனக்கு ஆசைதான், ஆனால் இந்த நோட்டில் பொய் எழுதக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன். "சரி. ஆனா பெரியம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லிட்டு வா. நான் சொல்ல மாட்டேன்" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய், இது தண்டனையா என்று கேட்பது போல. பிறகு உள்ளே போனாய்.

போய் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறது. நீ அழுகிறாய். தேம்பல் இல்லை, பெரிய குரலில், மூச்சு முட்ட, ஐந்து வயதுப் பிள்ளை அழுவது போல அழுகிறாய். கூடவே அவளும். பெரியப்பா மண்டியிலிருந்து ஓடிவந்து என்னைப் பார்த்து, "என்னம்மா, உள்ள போய்ப் பாரு" என்கிறார். நான் போகவில்லை. ரோட்டில் பத்தரை பஸ் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அது போனால் மத்தியானம் ஒன்று வரும்.